கூட வந்தவர் சொல்லும் இரண்டு வரி: நெல்லைச் சீமையில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் நோயாளியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடி வருகிறவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். வாசலில் அவர்களை எதிர்கொள்ளும் இளம் செவிலியர்களுக்கும், வீட்டில் வைத்து மாதக்கணக்கில் பார்க்கிறவர்களுக்கும் இது உதவும். இங்கே வரும் நோய்களில் பல, வேறொன்று போலத் தோற்றம் காட்டி ஏமாற்றுபவை. எங்கே இருந்தார், எத்தனை மணிக்கு, அப்போது என்ன வேலை, வீட்டில் என்ன கொடுத்தீர்கள்: இவ்வளவும் சரியாகச் சொல்லப்பட்டால் பாதி வைத்தியம் வாசலிலேயே தொடங்கிவிடும். மருந்தளவுகள் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் தந்தவை. அவற்றைப் பார்த்து வீட்டில் யாரும் மருந்து கொடுக்க வேண்டாம்.

ராத்திரி நல்லாத்தான் படுத்தார். விடியக்காலம் வயிற்று வலி, வாந்தி. கேஸ் தொந்தரவுதானே?

தரையில் பாய் விரித்துப் படுத்தாரா? முதலில் இதைக் கேட்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. எலி, பல்லி, பிற பாம்புகளைத் தேடி வீட்டுக்குள் வரும். தூங்குகிறவர் புரளும்போது கடித்துவிடும். அதன் பல் மிகச் சிறியது. கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, வலியும் பெரும்பாலும் இருக்காது, தேடினாலும் தடம் தெரியாது. சில மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுக்கும், வாந்தி வரும், தொண்டை வலிக்கும். கேஸ் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆபத்து இந்தக் கட்டத்தில்தான். அடுத்து இமை கீழே இறங்கும், பார்வை இரண்டாகும், எச்சிலை விழுங்க முடியாது, பேச்சு மூக்கால் வரும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும்.

செவிலியர் படுக்கையருகிலேயே மூன்று சோதனை செய்யலாம். தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொல்லுங்கள், இமை தானாக இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். இருபதைத் தொடாமல் திணறினாலோ, முன்பு எண்ணியதைவிட அரை மணியில் குறைந்தாலோ மருத்துவரை உடனே அழையுங்கள். மூன்றாவது, தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பிடிக்க முடிகிறதா என்பது. ஆரோக்கியமாகப் படுத்தவர் விடியும்போது வயிற்று வலியோடும் இமைச் சோர்வோடும் வந்தால், மறுப்புக்கு ஆதாரம் கிடைக்கும்வரை அதைக் கட்டுவிரியன் கடியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தடுக்கும் வழி எளியது. கட்டிலில் படுப்பது நல்லது. கட்டில் இல்லாவிட்டால் கொசுவலையைக் கட்டி, அதன் ஓரம் முழுக்கப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

வென்டிலேட்டரில் மூணு நாளா அசைவே இல்லை. கண்மணி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்கவும் இல்லை. இனி பிரயோசனம் உண்டா?

கட்டுவிரியன் கடியானால், உண்டு. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த விஷம் மூளையைத் தொடுவதில்லை. நரம்பு தசையைச் சந்திக்கும் முனையை அது கெடுக்கிறது. கெட்ட முனை மறுபடி வளர்ந்தால்தான் தசை அசையும். அதற்கு நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்களும் ஆகும். அதுவரை கண்மணி சுருங்காது, இருமல் வராது, கிள்ளினாலும் கை அசையாது. பார்ப்பதற்கு மூளைச்சாவு போலவே இருக்கும். ஆனால் அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கும். நரம்பு விஷத்தால் தசை செயலிழந்திருக்கும்போது மூளைச்சாவுச் சோதனைகளை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நம்பிக்கை இழந்து இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குக் கூட்டிப்போவது, பிழைக்கக்கூடியவரை இழப்பதாகிவிடும்.

ஆகவே அவர் படுக்கைப் பக்கம் நின்று செலவுக் கணக்கும் சாவுப் பேச்சும் வேண்டாம். “அய்யா, இப்போ சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் கஷ்டமா இருக்கும்” என்று சொல்லிவிட்டே செவிலியர் ஒவ்வொன்றையும் செய்யட்டும். இமை மூடாததால் கருவிழி காய்ந்து புண்ணாகும். கண் களிம்பு தடவி, இமையை மூடி, மெல்லிய பிளாஸ்டரால் ஒட்டி வைக்க வேண்டும். அசைவில்லாதவருக்கு வலி இருக்காது என்று எண்ணி, வலி மருந்தையும் தூக்க மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது.

தசைத் தளர்ச்சியை நீக்கப் போடும் நியோஸ்டிக்மின் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். நல்ல பாம்புக் கடியில் அது நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்கு அட்ரோபின் 0.6 மில்லிகிராம் நரம்பில் போட்டுவிட்டு, நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராம் தசையில் போட்டு, ஒரு மணி நேரம் இமையைக் கவனிப்பார்கள். தெளிவு தெரியாவிட்டால் தொடர்வதில் பயனில்லை. கட்டுவிரியனில் பெரும்பாலும் தெளிவு தெரியாது.

இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை ஒருமுறை உறைந்தது என்றும் ஒருமுறை உறையவில்லை என்றும் வருகிறது. எங்கே தப்பு? (செவிலியர்களுக்கு)

பெரும்பாலும் குழாயில்தான். கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்துவிட்டதா என்று பார்க்கும் சோதனை இது. இதற்கு வேண்டியது சுத்தமான, காய்ந்த, கண்ணாடிச் சோதனைக் குழாய். கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ சிரிஞ்சிலோ விட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அதே கோளாறு வரும். இதை நம்பினால் தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறிவிடும்.

அப்போது எடுத்த சிரை ரத்தம் 2 மில்லி விட்டு, குழாயை நிறுத்தி வைத்து, 20 நிமிடம் அதைத் தொடவே கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து ஆட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உறைகிற ரத்தமும் கலைந்துவிடும். நேரம் முடிந்ததும் ஒரேயொரு தடவை சாய்த்துப் பாருங்கள். ஓடினால் உறையவில்லை என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் பாம்பு கடிக்காத ஒருவரின் ரத்தத்தை அதே வகைக் குழாயில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். முதல் சோதனையில் உறைந்துவிட்டால் அதோடு விட்டுவிடக் கூடாது. முதல் மூன்று மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்து 10 குப்பி. தூள் குப்பி ஒவ்வொன்றிலும் 10 மில்லி நீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரை கட்டி மருந்து வீணாகும். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. டிரிப் ஏறத் தொடங்கும் முன்பே அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்கட்டும். அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சிரைப்பு எது தெரிந்தாலும் டிரிப்பை நிறுத்தி, பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடைத் தசையில் போட வேண்டும். அடுத்த உறைவுச் சோதனை 6 மணி நேரம் கழித்துத்தான். உறைபொருட்களை ஈரல் மறுபடி தயாரிக்க அவ்வளவு நேரம் ஆகும். ஒரு மணியிலேயே பார்த்து “உறையலையே” என்று பதறி மேலும் பத்துக் குப்பி ஏற்றத் தேவையில்லை.

பாம்பை அடித்துக் கொண்டு வரணுமா? கயிறு கட்டலாமா?

இரண்டும் வேண்டாம். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கின் விஷத்தையும் எடுத்து மருந்து தயாரிக்கக் கொடுக்கிறது. அடிக்கப் போன இரண்டாவது ஆளும் கடிபடுவதுதான் மிச்சம். தூரத்தில் நின்று செல்போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

அந்தப் படத்தாலும் இடத்தின் பெயராலும் ஒரு முக்கியமான பயன் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் மூக்கு நுனி மேல்நோக்கிக் கூம்பிய சின்னக் குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அதன் கடியிலும் ரத்தம் உறையாமல் போகலாம், சிறுநீரகம் கெடலாம். மேலே சொன்ன மருந்து அதற்குக் கேட்காது. குப்பி குப்பியாக ஏற்றியும் ரத்தம் உறையாதபோது, “மலை மேலே வேலைக்குப் போன இடத்தில் கடித்தது” என்ற ஒரு வரி மருத்துவரின் யோசனையையே மாற்றிவிடும். கீழே தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுப்பின்போது வயலில் கடித்தது என்றால் முதல் சந்தேகம் கண்ணாடி விரியன். அதில் சிறுநீர் குறைகிறதா, கறுத்து வருகிறதா என்று மணிக்கு மணி அளந்து எழுத வேண்டும்.

கயிற்றை இறுக்கினால் விஷம் நிற்பதில்லை, ஆனால் கால் அழுகிப்போகலாம். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிடுங்கள். கையையோ காலையோ ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் கூடாது. ஏற்கெனவே கயிறு கட்டி வந்திருந்தால் வாசலிலேயே வெட்டிவிடாதீர்கள். மருந்து ஏறத் தொடங்கியபின், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது மெல்லத் தளர்த்த வேண்டும்.

தேள் கொட்டிய பிள்ளைக்கு வலியே இல்லை, ஆனால் வேர்த்துக் கொட்டுகிறது.

செந்தேள் கொட்டியிருக்கும். வலியைவிட வேர்வையும் சில்லிட்ட கையும்தான் பயப்பட வேண்டிய அறிகுறிகள். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கப் போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு அது. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் காட்டிய வழியில் இறுகிய ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் மாத்திரை கொடுக்கிறார்கள். கிலோ எடைக்கு 30 மைக்ரோகிராம், கை கால் சூடாகும்வரை 3 மணிக்கு ஒருமுறை. மாத்திரை கொடுத்த பிறகு பிள்ளையைத் தூக்கி நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். ஒன்றுக்குப் போவதும் படுத்தபடியேதான்.

ஆறு நாள் காய்ச்சல். டெங்கு இல்லை என்று வந்துவிட்டது. தட்டணுக்கள் மட்டும் குறைகின்றன. என்ன காய்ச்சல் இது?

உடம்பை முழுக்கப் பார்த்தார்களா? ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சல், மழைக்காலம் தொடங்கிக் குளிர் விலகும்வரை நம் பக்கம் நன்றாகவே வருகிறது. புதரிலும் வயலோரப் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. ஆடு மேய்த்தவர், புல்லறுக்கப் போனவர், விறகு பொறுக்கியவர், வெட்டவெளிக்கு ஒதுங்கியவர் யாருக்கும் வரலாம். கடித்து ஆறு நாள் முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் கடித்ததே மறந்துபோயிருக்கும். தட்டணுக்கள் இதிலும் குறையும், ஈரல் நொதிகள் ஏறும். டெங்கு என்று நினைத்து நிலவேம்புக் கஷாயத்திலும் பப்பாளி இலைச்சாற்றிலும் நாட்களைக் கடத்திவிடுகிறார்கள்.

அடையாளம் ஒரு கறுத்த பொருக்கு. பீடி நெருப்புப் பட்டது போல நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியோ அரிப்போ இல்லாததால் நோயாளி சொல்லவே மாட்டார். இருக்கும் இடங்களும் அப்படிப்பட்டவை: அக்குள், மார்பின் அடிமடிப்பு, அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் இறுகும் இடுப்பு, தொடைச் சந்து, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். திரையை இழுத்துவிட்டு, பெண் செவிலியர் துணையோடு, “ஆச்சி, உடம்புல எங்கேயாவது கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பார்க்கணும்” என்று காரணத்தைச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கறுத்த தோலில் விளக்கில்லாமல் இது தெரியாது. டார்ச் அடித்துப் பாருங்கள். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகிவிடாது.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை முதல் ஐந்தாறு நாளில் இல்லை என்றே காட்டக்கூடும். ஆகவே முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர்கள் டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் இருவேளை, 7 நாள் என்று தொடங்கிவிடுவார்கள். கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். மருந்து சரியானால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் நோய் வேறா, சிக்கல் முற்றியதா என்று மறுபடி யோசிக்க வேண்டும். மூச்சிரைப்பு, குழப்பம், சிறுநீர் குறைவு என்று வந்தவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது மேல் என்று 2023-இல் வெளியான இந்திய ஆய்வு காட்டியது. டாக்சிசைக்ளினை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் ஏறாது.

சேற்று வயலில் இறங்குகிறவருக்குக் கெண்டைக்கால் பிடித்துத் தொட முடியாத வலி, கண் ரத்தச் சிவப்பு, பிறகு மஞ்சள் என்று வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். வேலை என்ன என்று கேட்காமல் அதைப் பிடிப்பது கடினம்.

அரளியோ பூச்சிமருந்தோ குடித்துவிட்டார். உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸாகிவிடுமே?

சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு, கெட்டுப்போன சாப்பாடு என்று மறைத்து அழைத்து வருவதால் போகும் நேரம் திரும்பக் கிடைக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது ஒரு நடைமுறை. அதனால் வைத்தியம் தாமதப்படாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிக் கவனிப்பைத் தரச் சொல்கிறது. குற்றவாளியாக நடத்தச் சொல்லவில்லை.

வீட்டில் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், சோப்புத் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். உப்பு அதிகமாகி மூளை சுருங்கிச் சேதமாகவும் செய்யும். மருந்து டப்பாவை லேபிளோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பூச்சிமருந்தானால் உடுப்பைக் களைந்து, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கழுவுகிறவர் கையுறையோடு.

அரளியில் ஏமாற்றுவது இடைப்பட்ட தெளிவு. ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். அந்த விஷம் இதயத்தின் மின்னோட்டத்தைத் தடுப்பது. சில மணி நேரம் கழித்து நாடி திடீரென்று விழலாம். அதனால் ஒன்றும் இல்லாதது போலத் தெரிந்தாலும் இ.சி.ஜி. மானிட்டரில் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருப்பார்கள். “தெளிஞ்சிட்டார், கூட்டிட்டுப் போறோம்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

வார்டில் நாலு பேர் முன்னால் “ஏன் இப்படிப் பண்ணினே” என்று கேட்பது கொடுமை. தனியாக இருக்கும்போது, அவர் பேச விரும்பினால், குறுக்கிடாமல் கேளுங்கள். வீடு திரும்புமுன் மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டே போக வேண்டும். 104 மருத்துவ உதவி எண், டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

பூச்சிமருந்துக் கேஸ், இரண்டு நாளில் தெளிந்துவிட்டார். மானிட்டரை எடுத்துவிடலாமா? (செவிலியர்களுக்கு)

அவசரப்பட வேண்டாம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளில் 24 முதல் 96 மணி நேரத்துக்குள் இரண்டாவது அடி ஒன்று உண்டு. எச்சில், வேர்வை எல்லாம் அடங்கி, அட்ரோபின் குறைத்துக்கொண்டு வரும்போது, கழுத்துத் தசை தளரும். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு முறை தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தூக்க முடியாதவருக்கு அடுத்து மூச்சு நிற்கலாம். அதற்கு அட்ரோபின் கேட்காது, வென்டிலேட்டர்தான் வேண்டும். இந்த ஒரு பரிசோதனைக்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

தொடக்கத்தில் அட்ரோபின் 1.8 முதல் 3 மில்லிகிராம், பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக. எல்லை: நெஞ்சில் சளிச் சத்தம் அடங்க வேண்டும், நாடி 80-க்கு மேல், மேல் அழுத்தம் 80-க்கு மேல், அக்குள் காய்ந்திருக்க வேண்டும். கண்மணி விரிந்ததை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். காய்ச்சல், பிதற்றல், வயிறு உப்பிக் குடல் சத்தம் நின்றுபோவது ஆகியவை மருந்து கூடிவிட்டதன் அடையாளம்.

ஒரு பக்கம் கை கால் வரவில்லை, பேச்சு குழறுகிறது. பக்கவாதம்தானே?

சுகர் பார்த்தீர்களா? சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் விழும், பேச்சு குழறும், குடித்தவர் போலத் தள்ளாடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். 70-க்குக் கீழே இருந்து, ஆள் நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏறினால் பலரும் அங்கேயே எழுந்து உட்கார்வார்கள்.

எழுந்ததும் வீட்டுக்குக் கிளம்புவதுதான் தப்பு. கிளைபென்கிளமைடு, கிளைமெபிரைடு போன்ற மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் அதிகம். இரவில் மறுபடி தாழும். திருச்செந்தூர் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர்கள், ரமலான் நோன்பு நோற்கிறவர்கள் ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் மாத்திரை அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டு வழக்கமான மாத்திரையை விழுங்குவதால்தான் இப்படி ஆகிறது.

சுகர் சரியாக இருந்தால் பக்கவாதம்தான். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

அக்காவுக்கு வாந்தியும் தோள்பட்டை வலியும். பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பதால்தானே?

குனிந்த வேலையின் வலி அசைத்தால் கூடும், வேர்க்க வைக்காது. வேர்வை, மூச்சு வாங்கல், மேல் வயிற்று எரிச்சல், தாடை வலி சேர்ந்தால் மாரடைப்பு. சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலேயே வரும். சோடாவும் இஞ்சிச் சாறும் வேண்டாம். வந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் இன்னொன்று.

பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் டப்பாவிலிருந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள். இதயத்தின் அடிப்பகுதியிலும் வலப்பக்கத்திலும் அடைப்பு விழுந்திருந்தால், அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை அப்படியே கீழே தள்ளிவிடும். கொடுத்துவிட்டிருந்தால் வாசலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

குற்றாலத்தில் குரங்கு கடித்தது. பத்து நாள் பார்க்கலாமா?

பத்து நாள் கவனிப்பது நாய்க்கும் பூனைக்கும் மட்டும். குரங்கு கடிக்கு அது பொருந்தாது. 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே வெறிநோய் (ரேபிஸ்) தடுப்பூசியின் முதல் ஊசி. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்கள், ஒவ்வொரு நாளும் இரண்டு கையிலும் 0.1 மில்லி. ரத்தம் வந்த காயமானால் உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைக் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு வேண்டாம்.

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கிறோம். அடிக்கடி அடைத்துக்கொள்கிறது, இருமுகிறார்.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. அடைப்பு கெட்டியினால் வருகிறது. கேழ்வரகுக் கூழ் ஆற ஆற இறுகும். வெதுவெதுப்பாக, துணியில் வடிகட்டி, சிரிஞ்சிலிருந்து தானாக இறங்கும் பதத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை முடிந்ததும் 30 முதல் 50 மில்லி தண்ணீர் விட்டு அலசுங்கள். மாத்திரையைக் கஞ்சியில் கலக்காமல் தனியே பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்ட மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. நாள் முழுக்க மெல்ல இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். வேறு வடிவம் கேட்டு வாங்குங்கள்.

இருமல்தான் ஆபத்து. குழாய் மேலே நழுவியிருக்கலாம். மூக்கு நுனியில் குழாயின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்து, கொடுக்கும் முன் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் செவிலியரைக் கூப்பிடுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, 15 முதல் 20 நிமிடம் எடுத்துக்கொண்டு. சிரிஞ்சைக் கையால் அழுத்தித் தள்ளாதீர்கள். முடிந்தபின் ஒரு மணி நேரம் படுக்கவிடாதீர்கள். வாயால் சாப்பிடாதவருக்கும் தினம் இரண்டு முறை வாய் சுத்தம் செய்ய வேண்டும். நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சல் தருவது வாயில் சேரும் அழுக்கும்தான்.

பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர். எப்படிப் பார்த்துக்கொள்வது?

விழுந்த இடத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பதும், ஆட்டோ சீட்டில் மடக்கிப் போட்டு வருவதும் மிச்சமிருக்கும் நரம்பையும் அறுத்துவிடும். தலையையும் கழுத்தையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, மூன்று பேர் ஒரே நேரத்தில் கட்டை போல ஒரே அச்சில் புரட்டி, பலகையிலோ கதவிலோ கிடத்துங்கள். 108 வரும்வரை அசைக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் எதிரி படுக்கைப் புண். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும். குதிகாலைத் தலையணையால் தூக்கி அந்தரத்தில் வையுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் இனிப் படுக்கவிடக் கூடாது. ஸ்பிரிட் தேய்ப்பதும் நடுவில் ஓட்டை விட்ட வளையத் தலையணை வைப்பதும் கெடுதல்தான். காற்றுப் படுக்கை வாங்கியிருந்தால், இடுப்புக்கு நேர் கீழே படுக்கைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். உடம்பின் எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் படுக்கை தட்டையாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூத்திரக் குழாய்ப் பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். சாதா ரப்பர் குழாயை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள்ளும், சிலிக்கான் குழாயை 12 வாரத்துக்குள்ளும் மாற்ற வேண்டும்.

மறுவாழ்வுப் பயிற்சிக்கு ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. சக்கர நாற்காலியில் ஏறி இறங்கவும், தானே குழாய் போட்டுக்கொள்ளவும் பழக்குவது குடும்பத்தின் சுமையில் பெரும்பகுதியைக் குறைக்கும். படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் இயன்முறையாளரும் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

தண்டுவடம் மேலே அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை வெடிக்கிற தலைவலி, முகம் சிவந்து வேர்க்கிறது. தலைவலி மாத்திரை கொடுக்கலாமா?

மாத்திரையைத் தேடாதீர்கள், மூத்திரப் பையைப் பாருங்கள். நெஞ்சுக்குழிக்கு மேல் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, உணர்வில்லாத பகுதியில் எது உறுத்தினாலும் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். அவருக்கு வழக்கமான மேல் அழுத்தம் 90, 100 என்றுதான் இருக்கும். 140 என்று கருவி காட்டினால் மற்றவருக்குச் சாதாரணம், இவருக்கு ஆபத்து. சாதாரண அளவு என்று நினைத்து விட்டுவிட்டால் மூளையில் ரத்தம் கசியலாம்.

உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிடுங்கள். அழுத்தம் கொஞ்சம் இறங்கும். வேட்டி, அரைஞாண், பெல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, அவர் உடம்புக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, பை நிரம்பி வழிகிறதா என்று அடிவயிற்றிலிருந்து பைவரை கையால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் இங்கேயே கிடைத்துவிடும், மடிப்பை எடுத்ததும் மூத்திரம் பாய்ந்து தலைவலி சில நிமிடத்தில் அடங்கும். குழாய் நேராக இருந்தும் ஒழுகாவிட்டால் குழாயை உடனே மாற்ற வேண்டும். அடிவயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், அழுத்தம் இன்னும் ஏறும். அடுத்த சந்தேகம் மலக்கட்டு. அதை எடுக்குமுன் மரத்துப்போகும் ஜெல்லி தடவிச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு படுக்கைப் புண், உள்ளே வளைந்த கால் நகம், அடியில் கிடக்கும் சீப்பு, பேனா மூடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பாருங்கள். காரணம் கிடைக்காவிட்டாலோ 150-ஐத் தாண்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்க வைக்காமல் உட்கார்ந்தபடியே கூட்டிச் செல்லச் சொல்லுங்கள். கூடவே அவருடைய வழக்கமான அழுத்தம் எவ்வளவு என்பதை ஒரு சீட்டில் எழுதி, வருகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.